கஞ்சி கொண்டுபோன குற்றம்

பதுளைக்கு ரயில் வந்து சேர்ந்த அடுத்த வருஷம் நடந்தது இது. பதுளைக் கடைவீதியில் என் கணவருக்கு மளிகைக் கடை. சொந்த உபயோகத்துக்கும் வாடகைக்குமாக ஒரு பழைய மோட்டார் காரை வாங்கியிருந்தார். அதை ஓட்டியது என் கொழுந்தன். அவனுக்கு வேறு தொழில் ஓடாது. கடையில் உட்காரச் சொன்னால் முகம் தொங்கிப்போகும். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டவன் அவன்.

பசறையில் உறவுக்காரக் குழந்தைக்குக் காதுகுத்து. நானும் கொழுந்தனும் காலையிலேயே புறப்பட்டோம். ஏற்றமான பாதை. எங்களுக்கு இடது பக்கம் மலை, வலது பக்கம் பள்ளம். அந்தக் காலத்தில் எதிரே துரைமார் வண்டி வந்தால் நம்மவர் வண்டி ஒதுங்கி நின்றுவிட வேண்டும். எங்கும் எழுதி வைத்ததில்லை, ஆனால் நிற்காவிட்டால் ஏச்சுதான். வளைவுக்கு அப்பால் வருவது யாருடைய வண்டி என்று எப்படித் தெரியும்? அதனால் மோட்டார் சத்தம் கேட்டாலே கொழுந்தன் ஹாரனை அடித்துவிட்டு, மலையோரமாக ஒதுக்கி நிறுத்திவிடுவான். அன்றைக்கும் அப்படித்தான் நிறுத்தினான்.

வந்தது ஒரு தோட்டத்துத் துரையின் கார்தான். ஹாரன் இல்லை, வேகம் மட்டும் இருந்தது. பள்ளத்துக்குப் பயந்து தன் பக்கத்தை விட்டுவிட்டு, எங்கள் பக்கமாகவே இறங்கி வந்து, நின்றுகொண்டிருந்த எங்கள் வண்டியின் முன்சக்கரத்தில் இடித்தது. இடித்த வேகத்தில் அந்தக் கார் பாதிப் பாதைக்குக் குறுக்கே திரும்ப, அதை ஓட்டி வந்த ஆள் வெளியே வந்து விழுந்தான். நான் கண்ணைத் திறந்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை, கொழுந்தனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின் ஆசனத்தில் இருந்த துரைக்குத் தொப்பிகூட கழலவில்லை. விழுந்தவனுக்குத்தான் கை முறிந்து தொங்கியது.

துரை இறங்கினார். சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். எங்களை இங்கிலீஷில் கொஞ்சம், தோட்டத் தமிழில் கொஞ்சம் ஏசினார். அடுத்தாற்போல் பதுளைப் பக்கம் போன ஒரு காரை மறித்து ஏறி ரயிலுக்குப் போய்விட்டார். ரோட்டில் கிடப்பவன் தன்னுடைய டிரைவர் என்ற நினைப்பே அந்த மனிதருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

தேயிலைப் பெட்டி ஏற்றி வந்த மாட்டுவண்டிக்காரரிடம் கெஞ்சி, அவனை அதில் படுக்க வைத்து, கொழுந்தனும் நானும் கூடவே நடந்து பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். காதுகுத்து போனது போனதுதான்.

மறுநாளிலிருந்து அவனுக்குக் கஞ்சியும் ரசமும் கொண்டுபோனேன். அவன் பெண்சாதி தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், மடியில் கைக்குழந்தை. ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது, கூலி கிடையாது. அவள் தினமும் எப்படி வருவாள்? தோட்டத்து ஆளுக்கு இவ்வளவு உபசாரமா என்று பக்கத்துக் கடை வீட்டில் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நம் கண் முன்னால் ஒருவன் அடிபட்டுக் கிடந்தால் போய்ப் பார்ப்பதுதான் முறை. யார் மேல் தப்பு என்று விசாரித்துவிட்டா சோறு வடிப்போம்?

ஒருநாள் அவன் வலியில் கண்ணீர் விட்டான். எனக்கு மனசு கேட்கவில்லை. "நாங்க அன்னைக்கு அந்த நேரத்துல வராம இருந்திருந்தா உனக்கு இந்தக் கதி வந்திருக்காதேப்பா" என்றேன். அடிபட்டவனிடம் யாரும் சொல்கிற வார்த்தைதானே. அந்த நேரம் பார்த்து அவனைப் பார்க்க வந்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கட்டில் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் காது வழியாக அது துரை பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏஜெண்டு கண்டியிலிருந்து வந்தார். துரையின் காருக்கும் எங்கள் காருக்கும் அதே கம்பெனிதான். நல்ல தமிழில் பேசினார், கோட்டு போட்டிருந்தார். நான் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே என் கணவரிடம், "உங்க சம்சாரம் தினமும் சாப்பாடு கொண்டுபோறாங்களாமே? எங்களாலதான் ஆச்சுன்னு வாயாலேயே சொல்லியிருக்காங்களாமே? தப்பு இல்லாதவங்க ஏன் கொண்டுபோகணும்?" என்றார்.

வெளி ஆள் முன்னால் நான் பேசுவதில்லை. அன்றைக்குப் பேசினேன். "ஐயா வீட்டுல யாராச்சும் அடிபட்டுக் கெடந்தா, பார்க்க வர்றவங்க எல்லாம் அடிச்சவங்களா?" என்று கேட்டேன். அவர் முகம் மாறவில்லை. விபத்துக்குப் பிறகு தப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது கம்பெனி நிபந்தனையாம், நாங்கள் ஒப்புக்கொண்டுவிட்டோமாம். எங்கள் வண்டிக்குக் காசு கிடையாது, துரை வண்டியின் செலவும் எங்கள் தலையில் என்று சொல்லிவிட்டு, மிச்சக் காப்பியையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அதோடு விட்டார்களா? துரையின் பிராதின் பேரில் கொழுந்தன் மேல் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டியதாக வழக்கு வந்தது. நின்ற வண்டியை எப்படி ஐயா கண்மூடித்தனமாக ஓட்டுவது? தோற்றால் லைசென்ஸ் போய்விடும் என்றார் எங்கள் வக்கீல். கொழுந்தன் சரியாகச் சாப்பிடுவதை விட்டான். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் என் வாயும் என் தூக்குச்சட்டியும்தான் அவனுக்கு எதிரான சாட்சி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் செய்ததில் தப்பு இல்லை என்று எனக்குத் தெரிந்ததால்தான் ஆத்திரம் இன்னும் அதிகமாக வந்தது.

கோர்ட்டில் துரை முதலில் சாட்சி சொன்னார். எங்கள் வண்டி நடுப்பாதையில் பாய்ந்து வந்ததாம். கணக்கப்பிள்ளை நான் ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சொன்னார். அதன்பின் துரை பக்கச் சாட்சியாக அந்த டிரைவரையே கூண்டில் ஏற்றினார்கள். கழுத்திலிருந்து கட்டிய துணியில் கை தொங்கியது. அவன் குடியிருப்பது துரையின் தோட்டத்துக் கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில், அவன் பெண்சாதி கொழுந்து பறிப்பது துரையின் மலையில். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த அம்மா அப்படிச் சொன்னார்களா என்று துரையின் வக்கீல் கேட்டார்.

"சொன்னாங்கங்க. கஞ்சியும் குடுத்தாங்க. ஆனா அவுங்க வண்டி நின்னுச்சுங்க. நாந்தான் போயி மோதினேன். ரயிலுக்கு நேரமாச்சுன்னு துரை பின்னால இருந்து பெரம்பால தோள்ல தட்டிக்கிட்டே வந்தாருங்க" என்றான் அவன்.

மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொல்ல ஒரு நிமிஷம் தயங்கினார். நீதவான் அவரை இன்னொரு தடவை கேட்கச் சொன்னார். அவன் அதையே மாற்றாமல் சொன்னான். வழக்கு தள்ளுபடியானது. கொழுந்தன் வெளியே வந்து மரத்தடியில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

கம்பெனி மட்டும் மசியவில்லை. கோர்ட்டு வேறு, நிபந்தனை வேறு என்று கடிதம் வந்தது. தன் வண்டிக்குத் துரை கம்பெனியிடம் வாங்க வேண்டியதை வாங்கியிருப்பார், அந்தச் செலவைக் கேட்டு மட்டும் எங்களிடம் யாரும் வரவில்லை. எங்களுக்கு ஒரு சதம் வரவில்லை. அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது. அந்த வாரமே டிரைவரின் பேரையும் அவன் பெண்சாதி பேரையும் தோட்டத்து ஆள் கணக்குப் புத்தகமான செக்ரோலில் வெட்டிவிட்டார்கள். லயத்துக் காம்பராவைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். சாமான் மூட்டையும் குழந்தையுமாக எங்கள் கடை வாசலில் வந்து நின்றார்கள். மறுபடி நீட்ட முடியாதபடி அவன் கை கோணலாகவே கூடியிருந்தது. மொனராகலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கப் போவதாகவும், சொல்லிவிட்டுப் போக வந்ததாகவும் சொன்னான். வேலை கொடு என்று வாய் திறந்து கேட்கவில்லை.

என் கணவர் என்னை உள்ளே கூப்பிட்டார். வக்கீல் முன்பே எச்சரித்திருந்தாராம். "இவனுக்கு நம்ம கடையில வேலை குடுத்தா, சாட்சியை விலைக்கு வாங்கிட்டோம்னு துரை ஆளுங்க சொல்லுவாங்க. கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. பயந்திருந்தார்.

"கொஞ்ச நாள் வரைக்கும் அந்தப் புள்ளை எதைக் குடிக்கும்? கஞ்சி குடுத்ததுக்கே குத்தவாளின்னு சொன்னவங்க, இதுக்கு என்ன வேணும்னாலும் சொல்லட்டுங்க" என்றேன். அவரே வெளியே போய் மூட்டையை வாங்கி உள்ளே வைத்தார். அன்று முதல் அவன் எங்கள் கடையில்தான் இருக்கிறான். நல்ல கையால் அரிசி நிறுப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. துரை ஆட்கள் பேசத்தான் செய்தார்கள், பேசி ஓய்ந்தும் போனார்கள்.

அடிபட்டவனை ஏன் பார்க்கப் போனாய் என்ற கேள்விக்கு என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான் பதில் சொல்ல நேர்ந்தது. அந்த வெட்கம் என்னுடையது அல்ல, அதைக் கேட்டவர்களுடையது என்று இன்றும் நினைக்கிறேன்.