பின்சீட்டு வர்ணனை

அவள் பல வருஷம் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டியவள். அதில் ஏறுகிறவர்கள் உட்கார்ந்த கையோடு தூங்கிவிடுவார்கள். கண்ணாடியில் பின்னால் பார்த்தால் சாய்ந்த தலைகள்தான் தெரியும். அப்படிப்பட்டவளைத் திடீரென்று பள்ளிப் பேருந்துக்கு மாற்றினார்கள். அதுவும் பதினோராம் வகுப்பில் படிக்கும் அவளுடைய ஒரே மகள் போகும் பேருந்துக்கு.

மகள் முகம் சுண்டிப்போனது.

"அம்மா, ஒரு ஒப்பந்தம். பஸ்ல நான் உன் பொண்ணு இல்ல. நீ எனக்கு டிரைவர் அக்கா. சரியா?"

"பெத்தவளையே அக்காங்கிறியா? சரி, வயசு குறைஞ்ச மாதிரி இருக்கும்" என்று சிரித்து வைத்தாள்.

மறுநாளே அவளுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை, ஒரே சாம்பல் நிறக் கால்சட்டை. ஆனாலும் ஒருத்தரைப் போல இன்னொருத்தர் இல்லை. ஒருத்தி வெள்ளை ஷூவில் பேனாவால் கோள்களை வரைந்திருந்தாள். ஒருவன் வீட்டு வாசலில் படிய வாரிய தலையோடு ஏறி, தெரு திரும்பியதும் கையாலேயே கலைத்து நிமிர்த்திக்கொண்டான். 'ஒட்டகம்' என்று கூட்டாளிகள் கூப்பிட்ட நெட்டைப் பையன் ஒரு காலுக்குப் பச்சை, மறுகாலுக்குச் சிவப்பு நாடா கட்டியிருந்தான்.

சொந்த மகளைத்தான் அவளால் நம்ப முடியவில்லை. வீட்டில் கேட்டதற்கு "ம்", "இல்ல" என்பதோடு நிறுத்திக்கொள்ளும் பெண், பேருந்தில் ஏறியதும் பின்னலை அவிழ்த்துக் கொண்டை போட்டு, அதில் ஒரு பென்சிலைச் செருகி, கடைசி இருக்கையில் முட்டிபோட்டு நின்றாள். தண்ணீர் பாட்டிலை ஒலிவாங்கி மாதிரி பிடித்துக்கொண்டு சாலையை வர்ணிக்க ஆரம்பித்தாள்.

"இடது ஓரத்துல பால் வண்டி, வலது ஓரத்துல கல்யாணக் கார்! யாருமே வழி விடல! ஆனா நம்ம டிரைவர் அக்கா அசரல! ஒரு வெட்டு... ஒரு வளைவு... தாண்டியாச்சு!"

பேருந்தே அதிர்ந்தது. மகளை எல்லோரும் 'ரேடியோ' என்றுதான் கூப்பிட்டார்கள். இவள் எங்கே ஒளிந்திருந்தாள் இத்தனை நாளும் என்று அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். வளைவுகளில் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் அழகாகவே ஒடித்தாள், வர்ணனைக்கு விஷயம் வேண்டுமே என்று.

ஒரு நாள் ரேடியோ நின்றுபோனது. விஷயம் வெளியே வந்துவிட்டது. இருவரும் ஒரே வீட்டிலிருந்து வெளியே வருவதை யாரோ பார்த்திருக்கிறார்கள். "அம்மா ஓட்டுற பஸ்னா உனக்கென்ன, எவ்வளவு வேணா கத்தலாம்" என்று ஒட்டகம் சொன்னது ஓட்டுநர் இருக்கைவரை கேட்டது. வாய்வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

வீட்டில் கேட்டால், "ஒண்ணுமில்ல."

நாட்கள் போயின. பென்சில் கொண்டையும் போய், மகள் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்து வந்தாள். தொழிற்சாலைப் பேருந்தே தேவலை போலிருந்தது அம்மாவுக்கு.

பிறகு ஒரு காலையில், மணல் லாரி ஒன்று நடுச்சாலையில் கவிழ்ந்து கிடந்தது. பேருந்து முன்னாலும் போக முடியாமல், பின்னாலும் போக முடியாமல் நின்றது. அன்றைக்குப் பரீட்சை. கோள் வரைந்த ஷூக்காரி அழ ஆரம்பித்தாள். ஆளாளுக்குக் கூச்சல்.

அம்மா இஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பினாள். பள்ளிக்கு போன் போட்டுச் சொல்லியாயிற்று என்றாள். யாருக்கும் காதில் விழவில்லை. சட்டென்று குரலை உயர்த்தினாள்.

"ஏம்ப்பா, முன்னாடி என்ன நடக்குதுன்னு யாராவது பின்னாடி இருக்கறவங்களுக்குச் சொல்லுங்களேன். எனக்கு ஓட்டத்தான் வரும், பேச வராது."

ஒட்டகம் எழுந்து வந்தான். "அது... மணல் கொட்டிக் கிடக்கு. ஒரு போலீஸ்காரர் நிக்கிறார். அப்புறம்... மணல் கொட்டிக் கிடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் தலையைச் சொறிந்துகொண்டு, "ரேடியோ, நீயே வாயேன். என்னால முடியல" என்றான்.

மகள் மெதுவாக நடந்து முன்னால் வந்தாள். அம்மாவின் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"போலீஸ்காரர் விசில் ஊதுறார், மணல் கேக்க மாட்டேங்குது. நாலு பேர் மண்வெட்டியோட இறங்கியாச்சு. அதுல ஒருத்தர் வேலையை விட்டுட்டு நம்ம பஸ்ஸைப் பாத்துக் கை காட்டுறார். ஏன் காட்டமாட்டார்? ஓட்டுறது யாரு? என்னைப் பெத்த அம்மா!"

கைதட்டல் அடங்க நேரமானது. கண்ணாடியில் பின்னால் பார்க்க அம்மாவுக்குத் துணிவு வரவில்லை. வழி கிடைத்ததும் வண்டியைக் கிளப்பிவிட்டாள். பரீட்சையைப் பள்ளியில் தள்ளித்தான் வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் வீட்டில் கேட்டாள்: "இப்படியெல்லாம் பேசுறவ, வீட்ல ஏன் வாயைத் தொறக்க மாட்டேங்கிறே?"

"வீட்ல யாரு கேக்கறா? நீ வந்ததும் சாஞ்சுக்கறே. பேச்சை எடுத்தா குறட்டை வருது."

அவளுக்குச் சுருக்கென்றது. பொய்யில்லை. முகம் கழுவி, இரண்டு கோப்பை தேநீர் போட்டு வந்து, மகளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ம், சொல்லு."

"அம்மா! இப்படி இன்டர்வியூ மாதிரி உக்காந்தா எப்படிம்மா வரும்?"