நாலாம் நம்பர் டேங்க் காலி

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்ப்யூட்டர் ரூமில் சந்தனம் வைக்காத இடமே கிடையாது. டேப் ஓடும் அலமாரிக்கு, கார்டில் துளை போடும் மெஷினுக்கு, கதவுக்கு, ஏன், மின்விசிறியின் சுவிட்சுக்குக்கூடப் பொட்டு. நான் ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் போகிற வீட்டுப் பெண். பொரியையும் கடலையையும் வாங்கித் தின்பதோடு சரி. திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகும் வழியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை அது. எழுபதுகளில் அங்கே விவரங்களைக் கார்டில் துளையாகப் போட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது என் வேலை. என் நைனாவுக்கும் அங்கேதான் வேலை. ஆசிட் டேங்குகளுக்குள் இறங்கிக் கழுவும் கோஷ்டியில் இருந்தார்.

எந்த டேங்கில் ஆசிட் விடலாம், எதில் ஆள் இறங்குகிறது என்று தினமும் காலையில் அந்த மெஷின்தான் ஒரு தாள் அடித்துக் கொடுக்கும். பகலில் நாங்கள் கொடுக்கிற மாற்றங்கள் உடனே அசல் கணக்கில் ஏறாது. ஜர்னல் என்று தனி இடத்தில் சேர்ந்து நிற்கும். வேலை முடிக்கும்போது ஒரு புரோகிராமை ஓட்டினால் அவை அசலில் ஏறி, ஜர்னல் துடைக்கப்பட்டுவிடும். இவ்வளவுதான் விஷயம்.

அந்த வருடம் பூஜையன்றே மெஷினை இயக்கும் புரோகிராமை மாற்றி, புது சிஸ்டம் போட ஏற்பாடு. மெஷின் விற்றவர்களின் இன்ஜினியர் வந்து காத்துக் கிடந்தார். எங்கள் சூப்பர்வைசருக்கோ ராகு காலம் பிறப்பதற்குள் கற்பூரம் காட்டியாக வேண்டும். ஓடுகிற மெஷினுக்குப் பூஜை போடக்கூடாதாம். படக்கென்று அணைத்துவிட்டார். பூஜை முடிந்ததும் இன்ஜினியர் புது சிஸ்டத்தைப் போட்டுவிட்டு, பொரிப் பொட்டலத்தோடு கிளம்பிப் போனார்.

மறுநாள் காலை மெஷினைப் போட்டதும், அதோடு இணைந்த டைப்ரைட்டர் தானாக ஒரு கேள்வியை அடித்தது. பழைய ஜர்னல் ஒன்று கிடக்கிறது, படிக்க முடியவில்லை, விட்டுவிட்டு மேலே போகட்டுமா?

"பழைய சிஸ்டத்தோட குப்பைம்மா. புதுசு போட்டா இப்படித்தான் ஏதாவது ஒட்டிக்கிட்டு நிக்கும்" என்றபடி சூப்பர்வைசர் ‘ஆமாம்’ என்று தட்டினார். மெஷின் அன்றைய தாளை அடித்தது. பியூன் அதை ஆசிட் திறந்துவிடும் பம்ப் ஹவுசுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. நேற்று அந்தப் புரோகிராமை ஓட்டியிருந்தால் ஜர்னல் துடைத்துப் போயிருக்குமே, குப்பை எதற்கு மிஞ்ச வேண்டும்?

"சார், நேத்து அணைக்கிறதுக்கு முன்னால ஜர்னலை ஏத்தினீங்களா?"

"கற்பூர அவசரத்துல..." என்று அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பூஜைக்கு முன் நான் துளைத்து மெஷினுக்குக் கொடுத்த கார்டுகள் இன்னும் தட்டிலேயே கிடந்தன. எடுத்துப் பார்த்தேன். நாலாம் நம்பர் டேங்க், நாளைக் காலை, அதாவது இன்று, கழுவ ஆள் இறங்கும். என் கையால் துளைத்த கார்டு. தாளின் நகலைப் புரட்டினேன். நாலாம் நம்பர் காலி, ஆசிட் விடலாம் என்று இருந்தது. என் மாற்றம் அசலில் ஏறவே இல்லை.

காலையில் நைனா சட்டியில் பழைய சோற்றைக் கரைத்துக்கொண்டே, "நேத்தே சொல்ட்டாங்க, இன்னிக்கு நாலாம் நம்பர்ல எறங்கணும்மே" என்று சொல்லியிருந்தார்.

பம்ப் ஹவுசுக்குப் போன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க நாதியில்லை. ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடினேன். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வாயில் வேறு ஒன்றும் வரவில்லை. அந்த ஆசிட் ஒரு துளி பட்டு நைனாவின் வேட்டி பொத்தலாகிப் போனதைப் பார்த்தவள் நான். அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் நான் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

பம்ப் ஹவுசுக்கு வெளியே, நாலாம் நம்பர் குழாயின் வால்வுச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வால்வுக்காரர் நின்றிருந்தார். கையில் தாள்.

"அண்ணே, தொறக்காதே! உள்ள எங்க நைனா கீறாரு!"

"இன்னாமே கத்துற? நான் எங்க தொறந்தேன்? மேஸ்திரி வந்து கற்பூரம் காட்டி மாலையக் கழட்டணும். அந்தாளு இன்னும் வர்ல. அதான் நின்னுகினுகீறேன்."

சக்கரத்தில் வாடிய சாமந்தி மாலை. நடுவில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். பூஜை போட்ட சாமானை மேஸ்திரி கைபடாமல் யாரும் தொடமாட்டார்கள். வால்வுக்காரர் தாளை மறுபடியும் பார்த்தார். "காலின்னு போட்டுகீதேமே" என்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டேங்கின் வாயில் தலையை விட்டு நைனா என்று அலறினேன். முகத்தில் கட்டிய துணியோடு ஏறி வந்தார். அவர் நெஞ்சில் பட்பட்டென்று குத்தினேன்.

"இன்னாமே, வூட்ல யாருக்கு இன்னா ஆச்சி?"

பின்னாலேயே வந்த வால்வுக்காரர்தான் சொன்னார். நைனா கேட்டுக்கொண்டார். பிறகு டேங்குக்குள் குனிந்து, "டேய், எல்லாம் மேல வாங்கடா" என்றார்.

தட்டில் கிடந்த கார்டுகளைப் புது சிஸ்டத்தில் மறுபடி கொடுத்தோம். நாலாம் நம்பரில் ஆள் என்று தாள் சரியாக வந்த பிறகுதான் பழைய ஜர்னலை அழிக்க விட்டேன். சூப்பர்வைசர் கற்பூரம் காட்டிய அவசரத்தை நான் இன்றைக்கும் வாய்விட்டுத் திட்டுகிறேன். ஆனால் அந்த மாலையை எப்படித் திட்டுவது?

அடுத்த ஆயுத பூஜைக்கு நாலாம் நம்பர் சக்கரத்துக்கு மாலை வாங்கி வந்தது நைனாதான். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, அவரே கட்டினார்.