வியன்னாவில் காணாமல் போன செருப்பு

இரண்டு வருடங்களுக்கு முன், பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் நடந்தது இது. நானும் என் மனைவியும் மட்டும் அந்த ஊரில் இருந்தோம். ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் மகன் மறுநாள் வந்து எங்களைத் தன் ஊருக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு.

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஒரு வார்ப்புத் தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதற்கும் ஒரு நடைமுறை உண்டு, அதைப் படித்து வைத்துக்கொண்டால் உலகத்தில் எங்கேயும் பிழைக்கலாம் என்று நம்புகிறவன். ஆகவே விமானம் ஏறுவதற்கு முன்பே வியன்னாவைக் கரைத்துக் குடித்திருந்தேன். அங்கே டிராமுக்கு டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. சின்ன இயந்திரம் ஒன்றில் அதைச் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாவிட்டால் டிக்கெட் கையில் இருந்தும் நீங்கள் டிக்கெட் இல்லாத பயணிதான். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். பொதுக் கழிப்பறைக்குச் சில்லறை வேண்டும். சைக்கிளுக்காகக் கோடு போட்ட பாதையில் நின்று போட்டோ எடுத்தால் திட்டு விழும். அந்த நேரத்தில் ஜெர்மன் தெரியாமல் இருப்பது ஒரு வசதி. ஞாயிற்றுக்கிழமை ஊரில் கடைகள் மூடிக் கிடக்கும் என்பதால் ரொட்டியும் பாலும் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் பொறுமை இழந்து, "நீங்க போறதுக்கு முன்னாடியே போய்ட்டு வந்துட்ட மாதிரி கீது சார். டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டு ஊட்லயே குந்திக்கலாம்" என்றார். அறியாமை பேசுகிறது என்று விட்டுவிட்டேன்.

பயணத்தில் ஒரே ஒரு சிக்கல், என் மனைவியின் கால். அவளுக்குச் சர்க்கரை நோய். முந்தைய வருடம் வலது பாதத்தில் வந்த புண் ஆறுவதற்கு மாதக்கணக்காயிற்று. ஒரு விரலை எடுத்துவிடலாம் என்ற பேச்சு வரை போய், எப்படியோ தப்பினோம். ஆனால் இரண்டு பாதங்களிலும் உணர்ச்சி மங்கிவிட்டது. "முள்ளு குத்தினாக்கூட உங்களுக்குத் தெரியாதும்மா. வலி வந்து சொல்லாது, கண்ணாலதான் பாக்கணும்" என்று திருவள்ளூர் டாக்டர் எச்சரித்திருந்தார். வெறுங்காலோடு நடக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்கும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பைத்தான் போட வேண்டும். தினமும் உள்ளங்காலைச் சோதிக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் தலையாட்டிய பிறகே அவர் பயணத்துக்குச் சம்மதித்தார். அதன்படி தினமும் சாயங்காலம், "காலைப் பாத்தியா?" என்று கேட்பேன். "பாத்துட்டேன்" என்பாள். நடைமுறை நிறைவேறியது என்று நான் செய்தித்தாளைப் பிரிப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நகரத்தின் நடுவில் இருந்த பழைய தேவாலயம் ஒன்றைப் பார்க்கப் போனோம். இரண்டு நாள் முன்பு பெய்த பனி உருகித் தரை நசநசவென்று இருந்தது. அந்த ஊரில் பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்க நடைபாதைகளில் பொடிக் கருங்கல்லைத் தூவி வைப்பார்கள். கூர் கூரான கல். பூட்ஸ் போட்டவர்களுக்கு அது உபகாரம்.

வழிபாட்டு நேரம் எது, சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு எது என்று வாசலில் ஒட்டியிருந்ததை நான் ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தேன். மனைவி முன்னால் உள்ளே போய்விட்டாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணாந்து கூரையை ரசித்து, திரும்பிக் குனிந்தபோதுதான் பார்த்தேன். அவள் காலில் கம்பளிச் சாக்ஸ் மட்டும் இருந்தது.

"செருப்பு எங்கடி?"

"வாசல்ல வுட்டுட்டு வந்தேன். கோயிலுக்குள்ள செருப்போட வருவாங்களா?"

எங்கள் பக்கத்துத் தேவாலயங்களில் ஞாயிற்றுக்கிழமை வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். அவள் பிறந்த கடம்பத்தூர்ப் பக்கத்தில் மாதா கோயிலானாலும் மாரியம்மன் கோயிலானாலும் ஒரே மரியாதைதான். சுற்றிலும் இருந்தவர்கள் பூட்ஸோடு உட்கார்ந்திருந்ததை அவளும் பார்த்திருக்கிறாள். "அவங்க அவங்க வழக்கம்" என்றாள்.

அவசரமாக வெளியே வந்தோம். செருப்பைக் காணவில்லை. அந்தச் செருப்பின் அழகுக்கு யாரும் திருடியிருக்க மாட்டார்கள். வாசலைச் சுத்தம் செய்தவர்கள் யாரோ, எவரோ கழித்துப் போட்ட குப்பை என்று நினைத்து எடுத்துப் போயிருக்கலாம். அதைத் தேடி அவள் படியிறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான் கையைப் பிடித்து நிறுத்துவதற்குள் அந்தக் கருங்கல் பொடிமேல் கொஞ்ச தூரம் போய்விட்டாள். உறைக்கவில்லை அவளுக்கு. உறைக்காது என்பதுதான் பயம்.

திரும்ப உள்ளே கூட்டிவந்து கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். அந்தத் தெருக்களில் வண்டி வராது. டாக்சி பிடிக்க வேண்டுமானால் எதிரில் இருந்த சதுக்கத்தைத் தாண்டி நடக்க வேண்டும். கடைகள் மூடியிருக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்து என்ன பயன்? மாற்றுச் செருப்பு ஒரு ஜோடி அவள் எடுத்து வைத்ததுதான். பெட்டியின் எடை கூடுகிறது என்று வெளியே எடுத்து வைத்தவன் நான். என் ஷூவைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் காலுக்கு அது தோணி. தொளதொள ஷூ உராய்ந்தே புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொன்னதும் ஞாபகம் வந்தது. புண், மாதங்கள், விரல். மனம் அந்த மூன்றையே சுற்றியது.

முன் வரிசையில் இருந்த ஓர் அம்மாள் எழுந்து வந்தார். பச்சைக் கோட்டு, ஏறக்குறைய என் வயது. சாக்ஸோடு இருந்த கால்களைப் பார்த்து, இந்தக் குளிரில் செருப்பில்லாமல் ஏன் என்று தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் கேட்டார். அதட்டல் மாதிரிதான் இருந்தது. நான் சங்கடத்தோடு விஷயத்தைச் சொன்னேன். அவர் பீடத்தைப் பார்த்தார், பிறகு தன் பூட்ஸைப் பார்த்தார்.

"நாங்களும் வீட்டு வாசலில் கழற்றுவோம். தரைவிரிப்பு அழுக்காகிவிடும் என்று. கடவுளுக்காகக் கழற்ற எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை" என்றார். கொஞ்சம் உட்காருங்கள் என்று கை காட்டிவிட்டுப் போனார்.

பின்பக்கத் தெருவில்தான் அவர் வீடு. திரும்பி வந்தபோது துணிப்பை நிறையச் செருப்புகள். வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் வாசலில் ஷூவைக் கழற்றியதும் போட்டுக்கொள்ள, பல அளவுகளில் கம்பளிச் செருப்பு வைத்திருப்பது அங்கே வழக்கமாம். நான் படித்த எந்தப் பயணக் குறிப்பிலும் இது இல்லை. பையைத் தரையில் கவிழ்த்தவர், நான் எதிர்பாராத வகையில் அந்தக் கல் தரையிலேயே மண்டியிட்டு, என் மனைவியின் சாக்ஸைக் கழற்ற ஆரம்பித்தார்.

"அய்ய, இன்னாம்மா இது! என் காலப் போயி புடிக்கிறீங்க, அதுவும் சாமி முன்னால! ஏங்க, சொல்லுங்க அவங்களுக்கு!" என்று என் மனைவி காலை இழுத்துக்கொண்டாள். நான் மொழிபெயர்த்தேன். சர்க்கரை நோய் என்பதையும் சொன்னேன். அந்த அம்மாள் தன் தாய்க்கும் அது இருந்ததாகச் சொல்லிவிட்டு, காலை விடாமல் இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இடது குதிகாலில் சின்னதாக ஒரு கருங்கல் துணுக்கு பதிந்திருந்தது. பக்கத்தில் ஒரு பொட்டு ரத்தம். அதைவிட மோசம், பெருவிரலுக்குக் கீழே தோல் தடித்து நடுவில் வெடித்திருந்தது. அது அன்று வந்தது இல்லை.

"தினமும் இவர் காலை யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"நான்தான் பாத்துக்கறேன்" என்றாள் மனைவி.

"எப்படி?"

மனைவி செய்து காட்ட முயன்றாள். முழங்காலை மடக்கி உள்ளங்காலைத் தன் பக்கம் திருப்பப் பார்த்தாள். பாதி வரைக்கும்கூட வரவில்லை. மூட்டு வலியோடு இத்தனை வருடமாக அவள் நாற்காலியில் அமர்ந்துதான் சாப்பிடுகிறாள். இன்னொரு தடவை முயன்று, முடியாமல், சிறுபிள்ளை மாதிரி சிரித்துவிட்டாள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். தொழிற்சாலையில் வார்ப்பைப் புரட்டிப் பார்க்காமல் "பாத்தியா?" என்று வாயால் கேட்டு ஓ.கே. போட்டவர்கள் எத்தனை பேரை நான் நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருப்பேன்! அன்று அப்படி நின்றவன் நான்.

பிறகு எல்லாம் சுலபமாக முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மருந்துக் கடைகளும் மூடியிருக்கும். ஆனால் அன்றைக்கு முறை வைத்துத் திறந்திருக்கும் கடை எது என்று மூடிய கடையின் கதவிலேயே போட்டிருப்பார்கள். போகிறவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பளிச் செருப்போடு அவளை மெல்ல நடக்க வைத்து, அந்த அம்மாளே ஒரு கடையைக் கண்டுபிடித்துக் கூட்டிப்போனார். கல்லை எடுத்துச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். மறுநாள் மகன் வந்து டாக்டரிடம் காட்டினான். சரியான நேரத்தில் பார்த்தீர்கள், வெடிப்பு உள்ளே இறங்கியிருந்தால் கதையே வேறு என்றார் அவர். செருப்பைத் திருப்பித் தருகிறோம் என்றபோது அந்த அம்மாள், விருந்தாளிக்குக் கொடுத்ததை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே தங்கியிருந்த அறையில் மெதுவாகக் கேட்டேன். "தெனமும் பாத்துட்டேன்னு சொன்னியே?"

"நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். பாக்கலன்னு சொன்னா நீங்க பாக்க வருவீங்க. கட்டுன புருசன் கைல காலக் குடுத்துக்கினு குந்திக்கினு இருக்கச் சொல்றீங்களா? பாவம் சுத்தாதா?" என்றாள். நான் தரையில் உட்கார்ந்து அவள் காலுக்காகக் கை நீட்டினேன். "வேணாங்க, பேஜார் பண்ணாதீங்க" என்று கொஞ்ச நேரம் சண்டை போட்டாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு காலை நீட்டினாள்.

இப்போதும் தினமும் விளக்கு வைத்த பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் காலடியில் உட்கார்கிறேன். அவள் இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. டிவி சீரியல் பார்ப்பது போல் இருந்துகொள்கிறாள். என்னுடன் இவ்வளவு காலம் வாழ்ந்தவளின் உள்ளங்காலை, பெயர்கூடத் தெரியாத ஒருத்தி தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன் என்ற நினைப்பு, ஒவ்வொரு நாளும் அந்தப் பாதத்தைக் கையில் வாங்கும்போது தவறாமல் வருகிறது.