மெர்போக் வீட்டில் நான் சொன்ன பொய்

திங்கள் காலை ஏழரை மணிக்குப் பட்டர்வொர்த்தில் ரயில் ஏறினேன். நான் போக வேண்டிய சுங்கைப் பட்டாணி அங்கிருந்து சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். கோயம்புத்தூரில் பன்னிரண்டு ஆண்டுகள் விற்பனைப் பிரிவில் இருந்துவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் மலேசியாவின் பினாங்குக் கல்லூரி ஒன்றில் வணிக நிர்வாகம் படிக்க வந்தவன் நான். தலைமைப் பண்பு என்ற பாடத்துக்காக, தண்ணீர் வடிகட்டி விற்கும் ஒரு சிறு நிறுவனத்தோடு ஒரு வாரம் ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். விற்பனையில் எனக்கு யார் என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்ற நினைப்போடுதான் போனேன்.

நிலையத்து வாசலில் வெள்ளை வேனோடு நின்றிருந்தார் குழுத் தலைவி கவிதா. சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர்.

“பசியாறிட்டீங்களா அண்ணே?” என்றார். காலை உணவைக் கேட்கிறார் என்று புரிய ஒரு நொடி ஆனது. மணிக்கூண்டுக்கு அருகே ஒரு தமிழ் முஸ்லிம் கடையில் ரொட்டி சானாய் இரண்டு வெள்ளி, தே தாரேக் என்கிற நுரை பொங்க ஆற்றிய தேநீர் இரண்டு வெள்ளி இருபது காசு. ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள்; பேச்சின் முடிவில் ‘லா’ என்ற மலாய் அசையையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை மெர்போக். ரப்பர் மரங்களும் எண்ணெய் எடுக்கும் செம்பனையும் மாறி மாறி வர, வடக்கே ஜெராய் மலை கூடவே வந்தது. கவிதா ஒரு வீட்டுக்குள் போக, நான் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அது மணியம் என்ற தொழிற்சாலைக் காவலாளியின் வீடு. நான் கருவியைக் காட்டி முடித்ததும் அவர் கேட்டார்: “எனக்கு இனிப்பு நீர் இருக்கு தம்பி. இந்தத் தண்ணி அதுக்கு நல்லதா?”

இனிப்பு நீர் என்றால் சர்க்கரை நோய். அவர் தயங்குவது தெரிந்தது. “குடிச்சுப் பாருங்க அண்ணே, மாத்திரைக்கே வேலை இருக்காது” என்றேன். வாய் தானாகச் சொன்னது. அவர் வாங்குவதற்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டார்; அன்றே கருவியைப் பொருத்திக் கொடுத்தோம். விற்றுவிட்ட பெருமையில் அன்று முழுக்க எனக்கு நடையே வேறு மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. சுங்கை லாலாங்கில் ஒரு குடியிருப்பு மண்டபத்தில் அக்கம்பக்கத்தார் எல்லோரையும் கூட்டியிருந்தார்கள். அந்த மாதத்தின் மிகப் பெரிய வாய்ப்பு அது. மண்டபத்து வாசலில் வேனை நிறுத்தும்போது கவிதாவின் கைபேசி ஒலித்தது. ஒலிபெருக்கியில் பேசியவர் மணியத்தின் மனைவி லெட்சுமி.

“மூணு நாளா மருந்தே எடுக்கல கவிதா. தலை சுத்துதுன்னு படுத்துட்டாரு. கிளினிக் போலாம்னா வேணாங்கிறாரு. தண்ணியே போதும்னு அந்த ஊர்க்காரரு சொன்னாராம்.” இந்தியாவிலிருந்து வந்தவரை இங்கே ஊர்க்காரர் என்பார்கள்.

கவிதா என்னை ஒருமுறை பார்த்தார். மண்டபத்துக்குள் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து வேனைத் திருப்பினார். வழியெல்லாம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “பெல்ட் போட்டுக்குங்க அண்ணே.”

மணியம் பாயில் படுத்திருந்தார். உதடு வறண்டிருந்தது. தலைமாட்டில் வடிகட்டித் தண்ணீர் நிரம்பிய பாட்டில்.

கவிதா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “அண்ணே, இது சுத்தமான தண்ணி, அவ்ளோதான் லா. மருந்து இல்ல. எங்க ஆளு தப்பா சொல்லியிருந்தா அது என் தப்பு. நான்தான் சரியா சொல்லிக்குடுக்காம அனுப்பிட்டேன்.”

மணியம் நம்பவில்லை. “படிச்சவரு சொன்னாரே” என்று என்னைப் பார்த்தார்.

அவர் முன்னால் மண்டியிட்டேன். “பொய் சொன்னேன் அண்ணே. விக்கணும்னு சொன்னேன். மருந்தப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. எந்திரிங்க, போலாம்.”

அவர் தூக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டினார்.

கிளினிக்கில் சர்க்கரை மிக அதிகமாக இருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும் என்றார் மருத்துவர். ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏறி, மாலை நான்கு மணிக்கு அவர் எழுந்து உட்கார்ந்து கோப்பி கேட்டார்.

வெளியே வந்ததும், “கல்லூரிக்கு என்னைப் பத்தி எழுதிடுங்க” என்றேன்.

“எழுதத்தான் போறேன். உங்க பேரு, என் பேரு ரெண்டும் போகும்” என்றார் கவிதா. வேன் கதவைத் திறந்தபடி, “நாளைக்குப் பத்து மணிக்கு அந்த மண்டபத்துக்குத் திரும்பப் போறோம். நீங்கதான் பேசணும்.”

“நானா?”

“இனிமே அந்தப் பேச்சு உங்க வாயில வராது லா.”

சனிக்கிழமை, இது எந்த நோயையும் தீர்க்காது என்றுதான் பேச்சைத் தொடங்கினேன். பாதிப் பேர் எழுந்து போனார்கள். கவிதா கடைசி வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார்.

அன்று பிற்பகல் ரயிலில் கோயம்புத்தூர் அலுவலகம் நினைவுக்கு வந்தது. யாராவது தவறு செய்தால் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் நிற்கவைத்துக் கேள்வி கேட்பேன். அதற்குக் கண்டிப்பு என்று பெயர் வைத்திருந்தேன். செந்தில் என்பவரை, நான் மெர்போக்கில் சொன்னதைவிடச் சிறிய ஒரு பொய்க்காக, அப்படித்தான் வேலையை விட்டே அனுப்பினேன். அந்தப் பொய்யை அவர் யாரிடம் கற்றார் என்று அன்று நான் யோசிக்கவில்லை. கைபேசியில் அவர் எண் இன்னும் இருந்தது. அழைத்தேன்.

“அன்னைக்கு நான் பண்ணினது தப்பு செந்தில்” என்றேன்.

“அதெல்லாம் விடுங்க சார்” என்றார் வேகமாக. பிறகு, “வீட்டுல என்ன சொல்றதுன்னு தெரியாம அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்திருந்தேன் சார்” என்று ஆரம்பித்தார்.

பட்டர்வொர்த் வந்து எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் பேசிக்கொண்டே இருந்தார். நான் இருக்கையிலேயே உட்கார்ந்து கடைசிவரை கேட்டேன்.