சிரட்டை தேடிய பிள்ளை

"அடியாத மாடு படியாது." இதுதான் என் அப்பாவின் தேவாரம். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்தவர். வரும்போது பெட்டி படுக்கையோடு சாதித் திமிரையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும் எங்கள் மிளகாய்த் தோட்டத்தில் கூலிக்கு நின்றார்கள். மகளுக்கு என் வயது, பத்து. ஒருநாள் அவள் தண்ணீர் கேட்டாள். நாங்கள் குடிக்கும் பேணியிலேயே வார்த்துக் கொடுத்துவிட்டேன். அப்பா பூவரசங் கம்பை முறித்தார்.

"உதுகளுக்குத் தேங்காய்ச் சிரட்டையிலதான் குடுக்கோணுமெண்டு எத்தினை தரம் சொன்னனான்?" கேட்டுக் கேட்டு அடித்தார். கால் தடித்துப்போனது. அம்மா அடியைத் தடுக்காமல் பேணியைச் சாம்பல் போட்டு விளக்கினார். அம்மா மீதும் எனக்குக் கோபம்தான்.

அந்தத் தாயும் பிள்ளை வளர்த்தவர்தானே. மத்தியானம் ரொட்டியைப் பிரித்தால், மகள் முதல் துண்டைப் பிய்த்து என்னிடம்தான் நீட்டுவாள். "குடுத்துட்டுத் தின்னு புள்ள, அப்பத்தான் வயிறு நெறையும்" என்பார் தாய். அவர் கை ஓங்கி நான் கண்டதில்லை.

மிளகாய்ப் பழம் பிடுங்கிய ஒருநாள், உச்சி வெயிலில் அந்தத் தாய் சுருண்டு விழுந்தார். "அம்மாவுக்குத் தண்ணி கொண்டா" என்று மகள் கத்தினாள். வீட்டுக்கு ஓடினேன். குசினி வாசலிலேயே செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. எடுத்தேனா? இல்லை. சிரட்டையைத் தேடினேன். அடுப்படியில் பார்த்தேன், வேலியடியில் பார்த்தேன், விறகுக் கும்பியைக் கிளறினேன். அங்கே ஒரு மனுசி மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கிறார், நான் சிரட்டை தேடுகிறேன். நாய்கூட அப்படிச் செய்யாது.

ஒருவழியாகச் சிரட்டையில் தண்ணீரோடு நான் திரும்பியபோது, மகள் வாய்க்காலுக்கு ஓடிப்போய்ப் பாவாடையை நனைத்து வந்து தாயின் வாயில் பிழிந்துகொண்டிருந்தாள். கண் திறந்த தாய் என்னைக் கண்டார். "வெயில்ல ஓடியாந்தியா புள்ள? நெழல்ல நில்லு" என்றார். என் கையில் இருந்தது என்னவென்று அவருக்குத் தெரியாதா என்ன?

சத்தம் கேட்டு வந்த அப்பாவும் அதைப் பார்த்தார். என் தலையைத் தடவினார்.

"இப்பதான் நீ என்ர பிள்ளை."

அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னைத் தடவிக்கொடுத்ததில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசத்துக்காகத்தான் அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.