பைய தள்ளு

எனக்குக் கோபம் மூக்குநுனியில் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். அது பொய்யில்லை. ஆனால் பிளஸ் டூ இயற்பியல் செய்முறைத் தேர்வு அன்றைக்கு அத்தனை கோபத்தையும் விழுங்கிக்கொண்டு வாயை மூடி நின்றேன்.

பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளி. ஆய்வகத்தில் இருந்தது ஒரே ஒரு சோடியம் விளக்கு. அதன் இரு பக்கமும் இரண்டு ஸ்பெக்ட்ரோமீட்டர்கள். ஒன்றில் நான், எதிரே என் சிநேகிதி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, மத்தியானச் சாப்பாடும் ஒன்றாகத்தான். எங்கள் பைகளையெல்லாம் வெளியே வராந்தாவில், சன்னலையொட்டி வைக்கச் சொல்லியிருந்தார்கள்.

முப்பட்டகத்தை வைத்த மேடையைத் திருப்பிக்கொண்டே தொலைநோக்கியில் பார்த்தால், மஞ்சள் கோடு ஒரு பக்கமாக நகரும். ஓரிடத்தில் நிற்கும். பிறகு வந்த வழியே திரும்பும். அது நிற்கிற இடத்தைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. நான் பிடித்துவிட்டேன். எதிரே அவளோ தொலைநோக்கியை இங்கும் அங்கும் வெடுக்கு வெடுக்கென்று தள்ளி, கோடு போன இடம் தெரியாமல் கண் கலங்கிக்கொண்டிருந்தாள். பேசக் கூடாதுதான். என் வாய் சும்மா கிடந்தால்தானே.

"பைய தள்ளுட்டி" என்றேன்.

வெளிப்பள்ளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். வட மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த புதிது.

"யாரோட பையை? எங்க தள்ளச் சொல்ற?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் சன்னலுக்கு வெளியே பைகளைப் பார்த்தபோதுதான் சுரீரென்றது. எங்களுக்குப் பைய என்றால் மெதுவாக. அவருக்குப் பைய என்றால் பையை.

"பிட்டு எந்தப் பையில இருக்கு? பேப்பரைக் குடுத்துட்டுத் தள்ளி நில்லு."

முறைகேடு என்று அவர் எழுதிவிட்டால் அந்த வருடத் தேர்வு மொத்தமும் போச்சு. இயற்பியல் மிஸ் ஓடிவந்தார்.

"சார், அவ மெதுவான்னுதான் சொல்லுதா. இங்கன அப்படித்தான் பேசுவோம்."

"உங்க பொண்ணுங்களை நீங்க விட்டுக்குடுப்பீங்களா மேடம்?" என்றவர் என் சிநேகிதியிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இவ உன்கிட்ட என்ன சொன்னா?"

ஒரு வார்த்தை போதும். மெதுவா தள்ளச் சொன்னா சார் என்றால் முடிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். தன் பேப்பரைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலை சார்."

அடிப்பாவி என்று நெஞ்சுக்குள் சொன்னேன். அதுவரை இருந்த பயம் எங்கேயோ போய், கோபம் மூக்குநுனிக்கு ஏறியது.

அவர் என் பையை எடுத்துவரச் செய்து மேசையில் கொட்டினார். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், பேருந்து அட்டை. வேறொன்றும் இல்லை. ஒன்றும் கிடைக்காததே அவருக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. "அப்ப இங்கதான் எங்கயோ வச்சிருக்க" என்று என் ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சட்டென்று தன் பக்கம் இழுத்தார். மேடையில் இருந்த முப்பட்டகம் வழுக்கி விளிம்புக்கு வந்தது.

"பைய சார்!"

சொன்னது நான் மட்டுமல்ல. மிஸ் சொன்னார், பக்கத்து மேசையில் ஓம் விதி செய்துகொண்டிருந்தவள் சொன்னாள், தனி ஊசலை ஆட்டிக்கொண்டிருந்தவள் சொன்னாள். ஆய்வகமே ஒரே குரலில் சொன்னது. எதிரே என் சிநேகிதியும் சொன்னாள்.

அவர் விழப்போன முப்பட்டகத்தைக் கையில் ஏந்தியபடி அப்படியே நின்றார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு அதை மேடையில் வைத்தார், மெதுவாக.

"சரி, பண்ணு" என்று பேப்பரைத் திருப்பிக் கொடுத்தார். மன்னிப்பு கின்னிப்பு எதுவும் கிடையாது. பரீட்சையில் பேசினது தப்புதானே என்று போகிற போக்கில் ஒரு குட்டு வேறு. முப்பட்டகம் நகர்ந்ததில் நான் பிடித்து வைத்திருந்த இடமும் போய்விட்டது. முதலிலிருந்து தொடங்கினேன். கோடு நகர்ந்தது, நின்றது. பேப்பர் வாங்க அவர் வருகிறபோதுதான் கடைசி அளவீட்டை எழுதி முடித்தேன்.

சிதறிக் கிடந்ததையெல்லாம் அள்ளிப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன். கேட்டைத் தாண்டி, பேட்டை பஸ் நிற்கிற பக்கமாக நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் ஓடிவந்தது.

"ஏட்டி, நில்லுட்டி. நான் பயந்துட்டேன். கொஞ்சம் பைய போ, நானும் வாரேன்."

எனக்கு நன்றாகவே கேட்டது. நான் பைய போகவில்லை.