'இன்வலிட்' என்ற சொல்லும் சிவபாக்கியம் அக்காவும்

செவ்வாய்க்கிழமை காலை மவுண்ட் ஆல்பர்ட் ரயில் ஸ்டேஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. குமரேசன். "அக்கா போயிட்டா, மீனாட்சி. ஹார்ட் அட்டாக்..."

அவருடைய தமக்கை சிவபாக்கியம், எல்லர்ஸ்லியில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர். எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த ஆண்டு தம்பியோடு யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்தவர். சிறு வயதில் வந்த போலியோவால் இடதுகால் சூம்பியிருந்தது. இரும்புச் சட்டம் பூட்டி, கைத்தடி ஊன்றி நடப்பார். முதல் நாள் அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்தேன். "நன்றி. நாளைக்கு நான் உங்களுக்குத் திறக்கிறன்" என்றார். மறுநாள் எனக்கு முன்னதாகவே வந்து, சொன்னபடி திறந்தும் விட்டார்.

விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. அவர் கண்ணுக்குத் தப்பிய பிழை எதையும் நான் கண்டதில்லை.

சென்ற ஆண்டு எங்கள் பிரிவை மூன்றாம் மாடிக்கு மாற்றினார்கள். லிஃப்ட் கிடையாது. அதே வாரம் மேலாளரிடமிருந்து அக்காவுக்கு ஒரு கடிதம்: அவர் ஓர் 'இன்வலிட்' என்பதால், வேலையை விட்டு அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது நல்லது.

படித்த எனக்குத்தான் கண் கலங்கியது. அக்கா மதிய இடைவேளையில் நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்டிவிட்டு வந்தார்.

"இஞ்ச பாருங்கோ. லத்தீன்ல 'வலிதுஸ்' எண்டா பலமுள்ளது. எங்கட 'வலிது' மாதிரியே கேக்குது, என்ன? முன்னுக்கு 'இன்' போட்டா பலமில்லாதது. போரில ஊனப்பட்ட சிப்பாய்மாரையும் முந்தி இப்பிடித்தான் சொன்னவையாம். முதல் அசையை அழுத்திச் சொன்னா நோயாளி. நடு அசையை அழுத்தினா செல்லாத பத்திரம்."

"ரெண்டுக்கும் ஒரே வேரா அக்கா?"

"ஓம். 'வேல்யூ'வுக்கும் அதுதான் வேர். பலமில்லாட்டிப் பெறுமதியும் இல்லையெண்டு ஆரோ நினைச்சிருக்கினம்."

மறுநாள் காலை மூன்று மாடியும் ஏறினார். பின்னால் போன என்னைத் தொட விடவில்லை. மேலாளரின் மேசையில் கடிதத்தை வைத்து, ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார்: "இந்தச் சொல்லை எப்படி வாசிப்பது? நோயாளி என்றா? இப்போதுதான் உங்கள் படிகளையெல்லாம் ஏறி வந்தேன். செல்லாதவள் என்றா? அப்படியானால் என் வேலையில் ஒரு பிழையைக் காட்டுங்கள்."

மேலாளரின் முகம் சிவந்தது. "உங்கள் நன்மைக்காகத்தான்..."

"என் நன்மைக்கு என் மேசையைக் கீழே இறக்குங்கள்."

இறக்கினார்கள். நானும் அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனேன். கடந்த திங்கட்கிழமை வரை அக்கா அங்கேதான் வேலை செய்தார்.

நேற்று இறுதிச் சடங்கு ஏற்பாட்டாளர் அக்காவின் வீட்டுக்கு வந்து இறப்புப் பதிவுப் படிவம் நிரப்பினார். "தொழில்?" என்றார். குமரேசன் விம்மிக்கொண்டிருந்தார். உறவுக்காரப் பெண் ஒருவர், "அவ பாவம், ஏலாதவ. அப்பிடியே சொல்லிவிடுங்கோ" என்றார்.

"ஏன் அப்படிச் சொல்லணும்?" என் குரல் அந்த வீட்டுக்கு அதிகமாகவே உயர்ந்துவிட்டது. "இன்சூரன்ஸ் கோரிக்கை அதிகாரி" என்று ஏற்பாட்டாளரிடம் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அவர் எழுதி முடிக்கும்வரை அங்கிருந்து நகரவில்லை.

போய் வாருங்கள், அக்கா. நாங்கள் அழுவது உங்களை இழந்ததற்காக. பரிதாபப்பட்டு எவரும் உங்களுக்காக அழ வேண்டியதில்லை.